வரியும் வரவு செலவுத் திட்டமும் கொழும்பு வீட்டுக் கணக்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குடும்பம் நடத்தும் ஒருவர் வரி பற்றிக் கேட்கும் கேள்விகள் பொருளாதாரப் பாடத்தில் வருவன அல்ல. சிட்டையில் போட்ட தொகை சரியா, அம்மாவின் வைப்பு வட்டியில் வங்கி ஏன் வெட்டியது, அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகள் இங்கே. சம்பள வரி, வட்டி வரி பற்றிய எண்கள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை.

நான் வருமான வரி கட்டுவதில்லை. வரி கூடினால் எனக்கென்ன?

இலங்கையில் அரசாங்கம் எடுக்கும் வரியில் பெரும்பகுதி சம்பளத்திலிருந்து போவதில்லை, நாம் வாங்கும் பொருளின் விலைக்குள் இருந்து போகிறது. அதில் முதன்மையானது பெறுமதி சேர் வரி, அதாவது வற். 2019 டிசம்பரில் அது 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 80,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டில் வற் உள்ள பொருட்களுக்கு 40,000 செலவாகிறது என்று வைப்போம். விலைக்குள் அடங்கிய வற்றைக் கண்டுபிடிக்க, தொகையை 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும். 40,000க்கு 6,102 ரூபாய் வரும். அது அந்த வீட்டு வருமானத்தில் 7.6%. மாதம் 400,000 உழைக்கும் வீடு அதே வகைப் பொருட்களுக்கு 100,000 செலவழித்தால் 15,254 ரூபாய் வற் கட்டுகிறது. தொகை பெரிது, ஆனால் வருமானத்தில் 3.8% மட்டுமே. குறைவாக உழைப்பவர் வருமானத்தில் ஏறக்குறைய முழுவதையும் செலவழித்துவிடுகிறார், அதனால் வற்றின் பாரம் அவர் தலையில் கூடுதலாக விழுகிறது. வரி பற்றிய எந்த அறிவிப்பைக் கேட்டாலும் இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள்.

எதற்கு வற் உண்டு, எதற்கு இல்லை?

அரிசி, பதப்படுத்தாத மரக்கறி, பொதுப் பயணிகள் போக்குவரத்து, மின்சாரம் போன்றவை விலக்குப் பட்டியலில் உள்ளன. உள்நாட்டில் உற்பத்தியாகும் திரவப் பாலும் யோகட்டும் 2025 ஏப்ரலில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மறுபுறம், 2024 ஜனவரியில் பல பொருட்களின் விலக்கு நீக்கப்பட்டது. சமையல் எரிவாயு, பெற்றோல், டீசல், கைத்தொலைபேசி ஆகியவை அப்போதுதான் வற்றுக்குள் வந்தன. 2024 இறுதியில் கொழும்பில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 3,690 ரூபாய். அதற்குள் வற் மட்டும் ஏறத்தாழ 563 ரூபாய்.

விலக்கு அளித்த பொருளும் ஏன் விலை ஏறுகிறது?

விலக்கு என்றால் அந்தப் பொருளில் வரியே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல.

வற் பதிவுள்ள ஒரு வணிகர் தான் வாங்கும்போது கட்டிய வற்றை, விற்கும்போது அறவிடும் வற்றிலிருந்து கழித்துக்கொள்ளலாம். விலக்குப் பொருள் விற்பவருக்கு அந்த உரிமை இல்லை. அரிசி ஆலைக்காரர் டீசலுக்கும் சாக்குக்கும் இயந்திர உதிரிப்பாகத்துக்கும் 18% கட்டுகிறார். அரிசியை வற் இல்லாமல் விற்பதால், கட்டியதைத் திரும்பப் பெற அவருக்கு வழியில்லை. ஆகவே அது அரிசி விலையில் ஏறிக்கொள்கிறது. பஸ் கட்டணமும் இப்படித்தான். பயணச்சீட்டில் வற் இல்லை, டீசலில் இருக்கிறது. ஏற்றுமதிக்குக் கொடுக்கப்படும் பூச்சிய வீதம் வேறு. அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். அரசாங்கம் ஒரு பொருளுக்கு விலக்கு என்று அறிவித்தால் விலை 18% குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். விற்பனைக் கட்டத்தின் வரி மட்டுமே போகும்.

சந்தி முனைப் பெட்டிக்கடையிலும் இதே நிலைதான். 2024 ஜனவரியில் வைத்த எல்லைப்படி, வருடத்துக்கு 60 மில்லியன் ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ளவர்களே வற்றுக்குப் பதிய வேண்டியிருந்தது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. பெட்டிக்கடைக்காரர் பதியாதவர், சிட்டையில் வற் போட மாட்டார். ஆனால் புறக்கோட்டை மொத்தக் கடையில் அவர் கட்டிய வற் சவர்க்காரத்தின் விலைக்குள் இருக்கிறது.

கடையில் வற் சரியாகத்தான் போட்டார்களா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் சிட்டையின் மேற்பகுதியில் வற் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது இலக்க வரி இலக்கம், அதன் பின் ஒரு சிறு கோடு, அதன் பின் 7000 என்று இருக்கும். பதிவில்லாதவர் வற் என்ற பெயரில் ஒரு சதமும் அறவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்தில் கேட்கலாம்.

பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலையில் வற் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 500 ரூபாய் என்று அச்சிட்ட பொருளுக்கு, வற் என்று சொல்லி 590 கேட்டால் அது குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். சிட்டை இல்லாத முறைப்பாடு நிற்காது. அதனால் சிட்டையை எறியாமல் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உணவகத்தில் கணக்கு வேறு மாதிரி. 1,000 ரூபாய் சாப்பாட்டுக்கு 10% சேவைக் கட்டணம் சேர்ந்தால் 1,100. வற் இந்த 1,100க்கு மேல் வரும்: 198 ரூபாய். மொத்தம் 1,298. சேவைக் கட்டணம் அரசாங்க வரியல்ல, உணவகம் வைப்பது. இரண்டையும் ஒரே தொகையாக ‘வரிகள்’ என்று போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இறக்குமதிப் பொருள் ஏன் இவ்வளவு விலை?

துறைமுகத்தில் வரிக்கு மேல் வரி ஏறுகிறது. கப்பல் கட்டணம், காப்புறுதி உட்பட 1,000 ரூபாய் பெறுமதியான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். சுங்கத் தீர்வை 20% என்றால் 200. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 10% என்றால் 100. வற்றைக் கணக்கிடும்போது அடிப்படைப் பெறுமதியோடு இன்னும் 10% சேர்ப்பார்கள். ஆக 1,000 + 100 + 200 + 100 = 1,400. அதில் 18% என்றால் 252. சேர்த்துப் பார்த்தால் 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 552 ரூபாய் வரி. சில பொருட்களுக்கு இதற்கு மேல் செஸ் வரியும் 2.5% சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் உண்டு. பிறகுதான் இறக்குமதியாளரின் இலாபம், அதன் பின் கடைக்காரரின் இலாபம்.

அன்றாட உணவுப் பொருட்கள் சிலவற்றுக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று கிலோவுக்கு ஒரு தொகை வைப்பார்கள். அது வர்த்தமானி மூலம் ஒரே இரவில் மாறக்கூடியது. சீனிக்கு 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். 2023 நவம்பர் 2இல் மீண்டும் 50 ரூபாய் ஆக்கினார்கள். வரி குறைந்த நாளில் கடை விலை அதே அளவுக்கு இறங்கவில்லை. ஏறிய நாளிலோ பழைய இருப்பும் புதிய விலைக்கு விற்கப்பட்டது. ஏறும்போது உடனே, இறங்கும்போது மெதுவாக என்பதுதான் இந்த வகை வரியால் வீடுகளுக்கு வரும் நட்டம்.

2022க்குப் பிறகு ஏன் இத்தனை வரிகள்?

2019 இறுதியில் வற்றும் வருமான வரியும் குறைக்கப்பட்டன. வற் பதிவு எல்லை 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்த்தப்பட்டது. அரச வருமானம் 2022இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8% அளவுக்குச் சரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் உதவிக்கு ஒப்புதல் தந்தது. நிபந்தனைகள்: அரச வருமானத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15% அளவுக்கு உயர்த்துவது, வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் 2025 முதல் அந்த உற்பத்தியில் 2.3% மிகை காட்டுவது.

ஒரு இடத்தில் சலுகை கொடுத்தால் வேறொரு இடத்தில் எடுக்க வேண்டிய கட்டாயம் இதனால் வந்தது. 2025இல் சம்பள வரி குறைந்த அதே ஏப்ரல் 1இல் வட்டி மீதான வரி 5 சதவீதத்திலிருந்து 10 ஆனது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் உச்சமாக 15% வந்தது. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் கொழும்பு இளைஞர் பலரும் இப்போது வரிக் கோப்புத் திறக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சம்பளத்தில் எவ்வளவு வெட்டுவார்கள்?

மாதம் 150,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 83,333 ரூபாய்க்கு 6%. அடுத்தடுத்த மூன்று 41,667 ரூபாய்ப் படிகளுக்கு முறையே 18%, 24%, 30%. மிகுதிக்கு 36%. உதாரணமாக 200,000 சம்பளத்தில் 50,000க்கு மட்டும் 6%, அதாவது 3,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இருந்த முறையில் இதே சம்பளத்துக்கு 10,500 போனது.

இரண்டு தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டும். எல்லையைத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் வரி வராது, தாண்டிய பகுதிக்கு மட்டுமே. அதேபோல, ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் கட்டும் 8% கழித்த பிறகுதான் வரி என்று நினைக்க வேண்டாம். கொடுப்பனவுகள் உட்பட மொத்தச் சம்பளத்தில்தான் வரி. தொழில் தருநர் கட்டும் 12%, நம்பிக்கை நிதிக்கான 3% ஆகியவற்றை உங்கள் சம்பளத்திலிருந்து வெட்டவே கூடாது.

போனஸ் மாதத்தில் மட்டும் ஏன் வரி வெட்டினார்கள்?

வருட எல்லை 1,800,000. மாதம் 140,000 வாங்குபவருக்கு வருடத்துக்கு 1,680,000, ஆகவே வரி இல்லை. 200,000 போனஸ் வந்தால் 1,880,000 ஆகிறது. எல்லையைத் தாண்டிய 80,000க்கு 6%, அதாவது 4,800 ரூபாய். அது போனஸ் கொடுக்கும் மாதத்தில் வெட்டப்படும். தவறல்ல.

உண்மையில் பலர் இழப்பது வேறு இடத்தில். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஒக்டோபரில் 200,000 சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவரிடம் மாதம் 3,000 வீதம் ஆறு மாதம் 18,000 வெட்டியிருப்பார்கள். ஆனால் அந்த வருடத்தில் அவரது மொத்த வருமானம் 1,200,000 மட்டும். வரியே கிடையாது. அந்த 18,000ஐ நிறுவனம் திருப்பித் தராது. நவம்பர் 30க்கு முன் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பித்துத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். அதற்கு, வெட்டிய வரியைக் காட்டி நிறுவனம் தரும் T.10 சான்றிதழ் தேவை. வேலையை விட்டு விலகும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் அலைய வேண்டிவரும்.

இரண்டு இடத்தில் வேலை செய்பவர் ஒரு இடத்தை மட்டுமே பிரதான தொழிலாக எழுதிக் கொடுக்கலாம். மற்றச் சம்பளத்துக்கு 150,000 சலுகை கிடையாது.

அம்மாவுக்கு வட்டி மட்டும்தான் வருமானம். வங்கி 10% வெட்டுகிறது. நிறுத்த முடியுமா?

முடியும். இந்தக் கேள்வியில்தான் கொழும்பின் ஓய்வூதியமில்லாத முதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். 20 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு, வட்டி 8% என்றால் வருடத்துக்கு 160,000. அதில் 16,000 ரூபாய் வரி. அது அவருக்கு ஒரு மாத மருந்துச் செலவாக இருக்கலாம்.

மொத்த வருட வருமானம் 1,800,000ஐத் தாண்டாதவர் அதைக் கூறி வங்கியிடம் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுக்கலாம். வரி இலக்கம், அதாவது டின், இல்லாமல் படிவத்தை ஏற்க மாட்டார்கள். வைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். கூட்டுக் கணக்கென்றால் இருவரும் தனித்தனியே கொடுக்க வேண்டும். மகனுக்கு நல்ல சம்பளம் இருந்து, அவர் பெயரும் கணக்கில் இருந்தால், அவர் பங்குக்கு வெட்டுவார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்க வேண்டும். போன வருடம் கொடுத்தோமே என்று விட்டுவிடுவதால்தான் பலருக்குத் திரும்பவும் வெட்டப்படுகிறது.

ஏற்கெனவே வெட்டியதை வங்கி திருப்பித் தராது, பணம் திணைக்களத்துக்குப் போய்விட்டது. வங்கியிடம் வரிக் கழிப்புச் சான்றிதழ் வாங்கி, விபரத்திரட்டில் காட்டித்தான் கேட்கலாம்.

டின் எடுத்தால் வரி கட்ட வேண்டிவருமா?

இல்லை. அது ஒரு இலக்கம் மட்டுமே. வருமானம் எல்லைக்குக் கீழ் என்றால் வரி பூச்சியம்தான். திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் படம், கைத்தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் கொடுத்துப் பெறலாம். நேரில் போவதென்றால் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை. முன்பு வேலை செய்தவர்களுக்குப் பழைய இலக்கம் இருக்கக்கூடும், முதலில் அதை விசாரியுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துகள் வங்கிப் புத்தகத்தில் உள்ளதுபோலவே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் சுயபிரகடனத்தைத் திருப்பிவிடுவார்கள்.

மின்பட்டியலில் வரி எவ்வளவு?

மின்சாரத்துக்கு வற் இல்லை, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி மட்டும் பட்டியலில் தனியாகத் தெரியும். நீர்ப்பட்டியலில் வற் உண்டு. ஆனால் மின்பட்டியலில் உண்மையில் கடிப்பது வரியல்ல, 60 அலகு எல்லை. 30 நாளில் 60 அலகைத் தாண்டினால் தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் அலகிலிருந்தே வேறு கட்டண அட்டவணைக்குப் போய்விடுவீர்கள், நிலையான கட்டணமும் ஏறும். இரண்டு மீற்றர் வாசிப்புகளுக்கு இடையிலான நாட்கள் 33 என்றால் எல்லை 66 அலகு. பட்டியலில் நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

‘தோட்டம்’ எனப்படும் கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளிலும் மாடி பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளிலும் மூன்று குடும்பம் ஒரே மீற்றரில் இருந்தால், தனித்தனியே 50 அலகு பாவிப்பவர்களும் 150 அலகு விலை கட்டுகிறார்கள். முடிந்தால் தனி மீற்றருக்கு விண்ணப்பிப்பதே நல்லது.

மாநகர சபை ஆதன வரியில் ஏதாவது மிச்சம் பிடிக்கலாமா?

வருடம் முழுவதற்குமான தொகையை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10% கழிவு. காலாண்டுக்குக் காலாண்டு கட்டுபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5%. வீடு வாங்கியவுடன் மாநகர சபையில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் அறிவித்தல் பழைய உரிமையாளருக்குப் போகும், நிலுவை வீட்டின் மேல் ஏறும். நிலுவை ஆளைப் பின்தொடராது, ஆதனத்தையே பிடிக்கும். தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கொடுக்க முன்பே நிலுவை இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள்.

அஸ்வெசும கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

2023 ஜூலையில் தொடங்கிய இத்திட்டத்தில் நான்கு வகை உண்டு. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். மின் பாவனையும் பார்க்கப்படுகிறது. நகரத்தில் பலர் விழுவது இங்கேதான். சீமெந்துச் சுவரும் குழாய்நீரும் கொழும்பில் வசதியின் அடையாளமல்ல, ஆனால் புள்ளிக் கணக்கில் அவை குடும்பத்தை வசதியானதாகக் காட்டிவிடுகின்றன. பகிர்ந்த மீற்றரும் அப்படியே. இந்த முறை நகர வறுமையைச் சரியாக அளப்பதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

மேன்முறையீட்டுக் காலத்தில் கொழும்பு அல்லது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வெறுமனே ‘நாங்கள் ஏழைகள்’ என்று எழுதினால் பயனில்லை. ஒரே மீற்றரில் எத்தனை குடும்பம், யாருக்கு என்ன நோய், சிகிச்சை அட்டை, வேலை இழந்த கடிதம் என்று குறிகாட்டிகளுக்கு விடை சொல்லும் சான்றுகளை இணையுங்கள். கொடுத்த பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதும் உரிமையும் தமிழில் பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் உள்ளன. தகவலுக்கு 1924 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

தெரிவானவர்களிலும் வங்கிக் கணக்குத் திறக்காததால் பணம் வராதவர்கள் இருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். 70 வயதைக் கடந்த குறைந்த வருமானமுள்ளோருக்கு 2025 முதல் 5,000, சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 10,000 என்று தனிக் கொடுப்பனவுகளும் உண்டு.

வரவு செலவுத் திட்டத்தில் சொன்னது எப்போது கைக்கு வரும்?

உரையில் சொல்வது முன்மொழிவு. அதற்குச் சட்டத் திருத்தமோ வர்த்தமானியோ சுற்றறிக்கையோ வேண்டும். 2025 பெப்ரவரி 17 உரையில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகும் என்று சொன்னார்கள். ஆனால் அது 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தொகையைக் கேட்டுக் கடன் எடுத்தவர்கள் சிரமப்பட்டார்கள். அதே உரையில் சொன்ன மகாபொல பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் உயர்வு, 5,000இலிருந்து 7,500, சீக்கிரம் வந்தது. உரையைக் கேட்கும்போது தொகையோடு ‘எந்தத் திகதி முதல்’ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திகதி சொல்லாத சலுகையை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். விலை ஏன் குறையவில்லை?

பணவீக்கம் விலை ஏறும் வேகம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டெம்பரில் ஒரு வருடத்துக்கு 69.8% ஏறியிருந்தது. அன்று 100இலிருந்து 170 ஆன பொருள் பிறகு ஏறாமல் நின்றால் பணவீக்கம் பூச்சியம், விலையோ 170தான். சம்பளம் 100இலேயே நின்றவருக்கு அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.